திரையில் விரியும் ஓடுபாதை



அப்புத்தளைப் புகையிரத நிலையத்தில் ஒருமுறையேனும் இறங்கி நின்றவர்களுக்கு அவ்வூரின் அமைப்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1,400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், ஒரு மலைமுதுகின் மேலே ஊர் அமர்ந்திருக்கின்றது. வடக்கே நோக்கினால் தியத்தலாவையும் பண்டாரவளையும் ஊவாவின் அலையலையான மேடுகளும் தோன்றும். தெற்கே நோக்கினாலோ, காலடியிலிருந்தே நிலம் சரிந்து தாழ்ந்து விடுகின்றது. தெளிந்த காலை வேளையில் தென்கடற்கரை வரை பார்வை செல்லும். அந்த வானத்தில் விமானம் செல்லும் ஒலி கேட்டால், தோட்டத்துப் பிள்ளைகள் இன்றும் வாசலுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்க்கின்றார்கள். ஆனால் பெரிய விமானம் இறங்கத்தக்க ஓடுபாதை ஒன்று ஊவா மலைகளில் இல்லை.

ஆயினும் இன்று அப்புத்தளையில் இருந்தபடியே ஓர் இளைஞன் கட்டுநாயக்காவில் விமானத்தை இறக்குகின்றான், சென்னையில் ஏற்றுகின்றான். ஒரு கணினியும், சிமியுலேட்டர் என்று வழங்கும் பறப்புப் பாவனைச் செயலியும், கையில் ஒரு பிடியும் இருந்தால் அவனுக்குப் போதும். அவன் சக்கரம் தொடுகின்ற அந்த ஓடுபாதை எதனால் ஆனது? தாரினாலும் கல்லினாலும் ஆனதன்று; சில வரி இலக்கங்களால் ஆனது. அந்த இலக்கங்கள் மெய்யாக இருத்தல் வேண்டுமென்று நாம் ஏன் கவலைப்பட வேண்டும், அவை பொய்த்துப் போவது எவ்வாறு, என்பனவே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நிலத்திலிருந்தபடியே பறக்கப் பழகும் பொறி புதியதொன்றன்று. அமெரிக்காவில் பிங்காம்டன் நகரில் பியானோவும் ஓர்கனும் செய்த ஒரு குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க் என்பவர், ஓர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளையே கொண்டு 1929ஆம் ஆண்டில் அத்தகைய பெட்டி ஒன்றை அமைத்தார். முதலில் அது களியாட்ட விழாக்களில் விளையாட்டுப் பொருளாகவே கருதப்பட்டது. பின்னர் இரண்டாம் உலகப் போரில் எண்ணற்ற விமானிகள் அதிலேயே பயின்றனர். லிங்கின் பெட்டியில் சன்னலுக்கு வெளியே காண்பதற்கு ஒன்றுமில்லை. மானிகளைப் பார்த்துப் பறப்பதே பயிற்சி. ஆதலால் ஓடுபாதை எப்படித் தோன்றும் என்ற கேள்வி அங்கே எழவில்லை. புரூஸ் ஆட்விக் என்பவர் வீட்டுக் கணினிக்கென எழுதிய பறப்புச் செயலியை 1982இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட காலத்தை ஒட்டியே வெளிக்காட்சியும் பொதுமக்களின் மேசைக்கு வந்தது. அக்காலத்து ஓடுபாதை, பச்சைத் தரையில் கீறிய சில கோடுகளே. இன்று நிலைமை வேறு. புல்லின் நிறமும், தாரில் படிந்த சக்கரத் தடமும் கூடத் தெரிகின்றன. காட்சி அழகு பெறப் பெற, அதனை நம்பும் மனமும் நமக்கு வளர்ந்து விடுகின்றது. ஆபத்து அங்கேதான் தொடங்குகின்றது என்பது என் எண்ணம். பழைய கோட்டுப்படத்தை எவரும் மெய்யென்று மயங்கியதில்லை.

எக்ஸ்-பிளேன் என்னும் செயலியின் விமான நிலையத் தரவை எடுத்துக்கொள்வோம். உலகின் பல நாடுகளிலும் உள்ள ஆர்வலர்கள் ஊதியமின்றித் திரட்டிய தொகுப்பு அது. ரொபின் பீல் என்பவர் நெடுங்காலம் அதனைப் பேணி வந்தார். பிளைட்கியர் என்னும் இலவசச் செயலியும் அதே தரவினைப் பயன்படுத்தி வந்துள்ளது. அதில் ஓர் ஓடுபாதை என்பது 100 என்ற குறியீட்டோடு தொடங்கும் ஒரே ஒரு வரி. அகலம் எத்தனை மீற்றர், மேற்பரப்பு எது, தாரானால் 1, கொங்கிரீட் ஆனால் 2, புல்லானால் 3, வெறும் மண்ணானால் 4, சரளையானால் 5. நடுக்கோட்டில் விளக்குண்டா, ஓரத்தில் விளக்குண்டா? அதன்பின் ஒரு முனையின் பெயரிலக்கம், அகலாங்கு, நெட்டாங்கு, உட்தள்ளிய தொடக்க எல்லை, முனைக்கு அப்பால் உள்ள மிகைத்தளம், தீட்டிய குறிகளின் வகை, அணுகு விளக்குகளின் வகை. பிறகு மறுமுனைக்கும் அவ்வாறே. அவ்வளவுதான். இந்த ஒரு வரியை வாசித்துத்தான் கணினி மூன்று கிலோமீற்றர் நீளப் பாதையைத் திரையில் விரிக்கின்றது.

முன்னர் இவ்வரி வேறுவிதமாக இருந்தது. பாதையின் நடுப்புள்ளி, அதன் திசைக்கோணம், நீளம் என்ற மூன்றையும் கொடுத்து, முனைகளைக் கணினியே கணித்துக்கொள்ளும்படி விட்டிருந்தார்கள். பின்னர் அதனைக் கைவிட்டு, இரு முனைகளின் இருப்பிடத்தையும் நேரே எழுதும் முறைக்கு மாறினார்கள். இதன் நியாயத்தைத் தேயிலைக் கன்று நட்ட கை எளிதில் உணரும். இரண்டு தலைப்பிலும் குச்சி ஊன்றிக் கயிறு இழுத்தால் வரிசை கோணாது. நடுவிலே ஒரு குச்சியை மட்டும் ஊன்றி, 'இந்தப் பக்கமாகப் போ' என்று கை காட்டினால், வரிசை போகப் போக விலகும். கட்டுநாயக்காவின் பாதை 3,350 மீற்றர் நீளமுடையது. திசைக்கோணத்தில் அரைப் பாகை பிழைத்தால், ஒவ்வொரு முனையும் ஏறத்தாழ 15 மீற்றர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும்; அதுவும் ஒரு முனை இடப்புறமும் மறுமுனை வலப்புறமுமாக.

இலக்கங்களின் நீளத்திலும் கவனம் வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள நம் நாட்டில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 110 கிலோமீற்றர். புள்ளிக்குப் பின் நான்கு தானம் எழுதினால் பதினொரு மீற்றர் வரை நுணுகலாம்; ஐந்து தானம் எழுதினால் ஒரு மீற்றர் வரை நுணுகலாம். நாற்பத்தைந்து மீற்றர் அகலமே உள்ள பாதைக்குப் பதினொரு மீற்றர் பிழை சிறிதன்று.

ஆனால் எத்தனை தானம் எழுதினாலும் தீராத பிழை ஒன்றுண்டு. அதனைப் பற்றிப் பேச அப்புத்தளைக்கு அயலூராகிய தியத்தலாவையே தக்க இடம். நில அளவையிலும் படவரைவிலும் நம் நாட்டு அளவையாளர்களைப் பயிற்றும் நிறுவகம் அங்கேதான் இருக்கின்றது. 1800ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களத்தின் படங்கள் நெடுங்காலமாக நீர்கொழும்புப் பக்கத்துக் கந்தவளையை ஆதாரமாகக் கொண்டவை. பூமியின் வடிவுக்கு எவரெஸ்ட் என்பாரின் 1830ஆம் ஆண்டு அளவைக் கைக்கொண்டவை. விமானப் போக்குவரத்து உலகமோ 1998 ஜனவரி முதலாம் நாள் தொட்டு, செய்மதிகளுக்கு உரிய வேறோர் ஆதாரத்தை, அதாவது 1984ஆம் ஆண்டின் உலகப் புவியளவை முறையைக் கடைப்பிடிக்கின்றது. இரண்டிலும் அகலாங்கு உண்டு, நெட்டாங்கு உண்டு, பாகையும் கலையும் உண்டு. பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் ஒரே இலக்கம் இரண்டிலும் ஒரே இடத்தைக் குறிப்பதில்லை. நம் நாட்டில் இவ்விரண்டுக்குமிடையே உள்ள விலகல் இருநூறு மீற்றருக்கு மேற்பட்டது.

பழைய ஓரங்குலப் படத்தை விரித்து வைத்து, அளவுகோலால் அளந்து, இரத்மலானைப் பாதையின் முனைகளை மிகுந்த கவனத்தோடு குறித்து ஒருவர் தரவில் சேர்க்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அளந்ததில் குற்றமில்லை. படமும் குற்றமற்றது. ஆயினும் திரையிலே ஓடுபாதை அயலிலுள்ள வீட்டுக் கூரைகளின் மேலே போய்ப் படுத்துக்கொள்ளும். எந்த ஆதாரத்திலிருந்து எண் வந்தது என்று கேட்காமல் எண்ணை மட்டும் வாங்கிக்கொள்வதனால் வரும் கேடு இது. தியத்தலாவையில் பயின்ற அளவையாளர் எவரும் முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான்.

இருப்பிடம் சரியாயிற்று, இனிப் பாதையின் முகத்துக்கு வருவோம். முனையில் எழுதப்பட்ட பெரிய எழுத்துகள் திசையைக் கூறுவன. கட்டுநாயக்காவில் ஒருபுறம் 04, மறுபுறம் 22. காந்த வடக்கிலிருந்து நாற்பது பாகை அளவில் ஒரு முகமும், இருநூற்றிருபது பாகை அளவில் மறுமுகமும் நோக்குகின்றன என்பது பொருள். சென்னையில் 07/25 என்றொரு பாதையும் அதனைக் குறுக்கே வெட்டும் 12/30 என்றொரு பாதையும் உண்டு. காந்த வடக்கு ஓரிடத்தில் நில்லாது மெல்ல நகர்வதால் இப்பெயர்களும் சில நாடுகளில் மாறுகின்றன. இலண்டனை அடுத்த ஸ்டான்ஸ்ரெட் நிலையத்தின் 05/23 என்ற பாதை 2009ஆம் ஆண்டில் 04/22 ஆயிற்று. நிலம் அசையவில்லை, பெயர் அசைந்தது. தரவைப் பேணுவோர் இதனையும் கவனித்தாக வேண்டும்.

உட்தள்ளிய தொடக்க எல்லை என்று சற்று முன்னர் சொன்னேன். பலரும் தவறவிடுவது இதனையே. ஓடுபாதையின் முனைக்கு அருகே ஒரு வீதியோ, மரத்தோப்போ, குன்றோ, கட்டிடமோ இருந்தால், இறங்கும் விமானம் அதன்மேல் உரசாமல் வரும் பொருட்டு, இறங்கத் தொடங்கும் எல்லையைப் பாதைக்குள்ளே தள்ளிக் குறித்து விடுவார்கள். அந்த எல்லைக்கு முன்னுள்ள தளமும் நல்ல தாரிட்ட தளமே. அதில் ஓடி மேலெழலாம், ஆனால் அதன்மேல் இறங்கலாகாது. அதில் வெள்ளை அம்புகள் வரையப்பட்டிருக்கும். வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துத் தரவு எழுதுகின்றவர், தார் தொடங்கும் இடமே பாதை தொடங்கும் இடம் என்று கொண்டுவிட்டால், அந்தச் சிறு எண் பூச்சியமாகிவிடும். அவ்வளவில், திரையில் பழகுகின்ற இளைஞன் ஒவ்வொரு நாளும் மரக்கிளைகளை ஊடறுத்து இறங்கக் கற்றுக்கொள்கின்றான். திரையிலே பெரும்பாலும் மரம் தடுப்பதில்லை.

அகலமும் அப்படியே. மனிதக் கண் உயரத்தை நேரே அளப்பதில்லை. தெரிந்த ஒன்றின் தோற்றத்தைக் கொண்டு ஊகிக்கின்றது. பழகியதைவிடக் குறுகிய பாதையைக் கண்டால், தான் மிக உயரத்தில் இருப்பதாக விமானி எண்ணுவான். எண்ணித் தாழ்ந்து வருவான். பாதை எதிரே மேல்நோக்கிச் சரிந்திருந்தாலும் அதே மயக்கம் உண்டாகும். விமானிகளுக்கு இவற்றைத் தனிப் பாடமாகவே கற்பிக்கின்றார்கள். அறுபது மீற்றர் அகலத்தை நாற்பத்தைந்து என்று எழுதிய தரவில் நூறு முறை இறங்கிப் பழகியவனின் கண் எதனைக் கற்றிருக்கும் என்று சிந்தித்துப் பாருங்கள். குறிகளும் அகலத்தோடு இணைந்தவை. தொடக்க எல்லையில் நீளவாக்கில் தீட்டும் வெள்ளைப் பட்டைகள் முப்பது மீற்றர் அகலத்துக்கு எட்டு, நாற்பத்தைந்துக்குப் பன்னிரண்டு, அறுபதுக்குப் பதினாறு என்பது சர்வதேச விதி. பட்டைகளை எண்ணியே பாதையின் அகலத்தை அறியலாம்.

இனி மலைநாட்டவராகிய நமக்கு நெருக்கமான விடயம், உயரம். பல பாவனைச் செயலிகளில் நெடுங்காலம் ஒரு விமான நிலையத்துக்கு ஒரே உயரம்தான். நிலையம் முழுவதும் மேசைப் பலகை போலத் தட்டையாக்கப்பட்டிருக்கும். சூழவுள்ள நிலத்தின் உயரமோ வேறிடத்திலிருந்து வருகின்றது. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் றேடார் கொண்டு உலகின் பெரும்பகுதியை அளந்தது. அதிலிருந்து முதலில் பரவலாகக் கிடைத்தது தொண்ணூறு மீற்றருக்கு ஒரு புள்ளி. பிறகு முப்பது மீற்றருக்கு ஒரு புள்ளி. சமநிலத்துக்கு அது போதும். அப்புத்தளைக்குப் போதுமா? தெருவின் ஒருபுறம் ஊவாவும் மறுபுறம் பாதாளமுமாக உள்ள மலைமுதுகில், தொண்ணூறு மீற்றருக்குள் எவ்வளவோ நிகழ்ந்து விடுகின்றது. இரு புள்ளிகளுக்கிடையே கணினி நேர்கோடு இழுக்கும்போது, கத்திமுனை போன்ற முகடு மழுங்கிப் போகின்றது. செங்குத்தான சரிவு நடந்து இறங்கத்தக்க மேடாகி விடுகின்றது. மலை திரையிலே உண்மையைவிடச் சற்றுத் தாழ்ந்து நிற்கும். மலைக்கு மேலே பறக்கப் பழகுகின்றவனுக்கு இதனைவிடத் தீய பிழை வேறில்லை. 2020 ஜனவரி 3ஆம் நாள், வீரவிலயிலிருந்து வந்த விமானப்படையின் வை-12 விமானம் அப்புத்தளையில் வீழ்ந்து நால்வர் உயிரிழந்ததை நேரிற் கண்டவர்கள் அவ்வூரில் உள்ளனர். மலைநாட்டு வானம் எத்தகையது என்று அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மலையை வெட்டி நிரப்பி அமைத்த மேசைத்தள ஓடுபாதைகள் இந்தியாவின் மேற்குப் புறத்தே மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் உள்ளன. பாதை முடியும் இடத்தில் சிறிது மிகைத்தளம், அதற்கப்பால் பள்ளம். 2010 மே 22ஆம் நாள் துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் பாதையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்து 158 பேர் மாண்டனர். 2020 ஆகஸ்ட் 7ஆம் நாள் இரவில், கொட்டும் மழையில், அதே துபாயிலிருந்து வந்த மற்றொரு விமானம் கோழிக்கோட்டில் 2,700 மீற்றர் பாதையைக் கடந்து சரிவில் உடைந்து 21 பேர் இறந்தனர். இத்தகைய நிலையத்தைத் தட்டையாக்கிய தரவில் பழகுபவன், பாதை தாண்டியும் புல்வெளியில் ஓடி நிற்கலாம் என்றே கற்பான். உரிமம் பெற்ற பயிற்சி நிலையங்களின் சிமியுலேட்டர்கள் கடுமையான சோதனைக்கு உட்பட்டவை, வீட்டுக் கணினி அவற்றுக்கு ஈடாகாது என்று சிலர் கூறுவர். உண்மையே. ஆனால் விமானி ஆக விரும்பும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு முதற் பள்ளிக்கூடம் இந்த வீட்டுக் கணினிதான். தோட்டத் தொழிலாளியின் மகனோ மகளோ இலட்சக் கணக்கில் பணம் கட்டிப் பறப்புப் பயிற்சியில் சேரும் நாள் எளிதில் வருவதில்லை. அவர்களுக்கு முதலில் கிடைக்கும் பாடப்புத்தகமேனும் பிழையின்றி இருக்க வேண்டாமா?

தான் இருக்கும் இடத்தைத் தவறாக அறிதல் எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு நம் மலையகத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1974 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த மாட்டினெயர் நிறுவனத்தின் டிசி-8 விமானம், கட்டுநாயக்காவை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்தபோது மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் மாண்டனர். விமான நிலையம் இன்னும் எழுபது கிலோமீற்றருக்கு மேல் இருந்தது. விமானிகள் தாங்கள் நிலையத்துக்கு அண்மையில் வந்துவிட்டதாகக் கருதினர் என்பதே விசாரணையில் தெரிந்தது. அக்காலத்துக் கருவிகள் வேறு. இன்றைய செய்மதி வழிகாட்டல் அன்று இல்லை. ஆயினும், இந்த இடம் இதுதானா என்று கேட்கும் கேள்வி மாறவில்லை.

தரவு ஒருமுறை திருத்தினால் முடிந்துவிடும் வேலையுமன்று. கட்டுநாயக்காவின் பாதை 2017 ஜனவரி முதல் ஏப்ரல் வரை பகல் வேளையில் மூடப்பட்டு மீளச் செப்பனிடப்பட்டது. மத்தலை நிலையம் 2013 மார்ச் 18ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய தொகுப்புகளில் அவ்விடம் காடுதான். பலாலி 2019 அக்டோபர் 17ஆம் நாள் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாயிற்று. 2020இல் சேவை நின்று, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மீண்டது. பழைய தொகுப்பை வைத்திருப்பவனின் திரையில் பலாலி இன்னமும் பயணிகள் வராத படைத்தளமாகவே கிடக்கும். இத்தகைய மாற்றங்களை ஒவ்வொரு நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரத்தினரும் தம் வான்செலவுத் தகவல் வெளியீட்டில் அறிவிக்கின்றனர். இருபத்தெட்டு நாட்களுக்கு ஒருமுறை என்ற உலகப் பொதுச் சுற்றில் அவை நடைமுறைக்கு வருகின்றன. வானிலிருந்து எடுத்த படம் எத்துணை அழகாயிருப்பினும், அது எந்த ஆண்டில் எடுத்தது என்று தெரியாமல் அதனை நம்புவதைவிட, வரண்ட எண்களாலான இந்த வெளியீட்டை வாசிப்பது நன்று. வாசிப்பதற்குச் சுவை இராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, அப்புத்தளையில் கணினியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் ஒரு பயிற்சி சொல்கின்றேன். மத்தலை, உங்கள் மலைமுதுகிலிருந்து தெற்கே சற்றுக் கிழக்காக, நேர்கோட்டில் அறுபது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் உள்ளது. பாதை 3,500 மீற்றர். முனைகளின் பெயர் 05, 23. அங்கே நிலம் கடல் மட்டத்துக்குச் சுமார் ஐம்பது மீற்றரே மேலானது. மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானம் கிலோமீற்றருக்கு ஐம்பத்திரண்டு மீற்றர் தாழும். ஆதலின் உங்கள் முகட்டின் உயரத்திலிருந்து இறங்கி முடிக்க இருபத்தாறு கிலோமீற்றர் வேண்டும். முதற் பாதி வழியைச் சமமாகவே பறந்து கழிக்கலாம். பின்னர்ச் சுற்றி வந்து பாதைக்கு நேரே திரும்புங்கள். ஓரத்தில் நான்கு விளக்குகள் தெரியும். நான்கும் சிவப்பானால் மிகத் தாழ்வு, நான்கும் வெள்ளையானால் மிக உயரம், இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்புமானால் சரிவு சரி. அவ்வாறு தெரியும்போது, விளக்குகளுக்கு மூன்று கிலோமீற்றர் தூரத்தில் உயரமானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஓடுபாதையின் உயரத்தைக் கழியுங்கள். எஞ்சுவது 157 மீற்றர், அதாவது 515 அடி அளவில் இருத்தல் வேண்டும். இருநூறு மீற்றரென்றோ நூறு மீற்றரென்றோ வந்தால், விளக்கின் கோணமோ, விளக்கின் இடமோ, நிலத்தின் உயரமோ தரவிலே பிழைத்திருக்கின்றது. எது என்று தேடி, வான்செலவுத் தகவல் வெளியீட்டோடு ஒப்பிட்டு, தொகுப்பைப் பேணுவோருக்கு எழுதி அனுப்புங்கள்.